பூட்டு யாரையும் தடுப்பதில்லை

நிரல்களில் "பூட்டு" என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் கதவில் தொங்கும் பூட்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் கதவுப் பூட்டு, சாவி இல்லாதவரை உள்ளே விடாது. நிரலில் இருக்கும் பூட்டு யாரையும் தடுக்காது. நினைவகத்தில் அது ஓர் எண், அவ்வளவுதான். 0 என்றால் உள்ளே யாருமில்லை, 1 என்றால் யாரோ இருக்கிறார். அதை 1 ஆக்கிவிட்டு நுழைவதைத்தான் பூட்டைப் "பிடிப்பது" என்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. ஒருவர் பார்க்க மறந்து நேரே உள்ளே போனால் கணினி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

இயங்குதளம், டேட்டாபேஸ் போன்ற அடித்தள மென்பொருள்களில் பூட்டுகளை மாற்றுவது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வேகத்துக்காகப் பூட்டில் கைவைக்கிறவர், எங்கும் எழுதி வைக்காத ஓர் உடன்பாட்டையும் சேர்த்துத் திருத்துகிறார்.

முதலில், பூட்டு எதற்கு? ஓர் எண்ணிக்கையோடு 1 கூட்டுவது நமக்கு ஒரே வேலை. ப்ராசஸருக்கு அது மூன்று வேலை: படி, கூட்டு, திரும்ப எழுது. இரண்டு கோர்கள் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவுகள்) ஒரே சமயத்தில் 41 என்று படித்து, இரண்டுமே 42 என்று எழுதினால் ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். எப்போதும் போகாது, எப்போதாவது போகும். சோதனையில் பிடிபடாமல், பயனர் கைக்குப் போன பிறகு தலைகாட்டுகிற வகைப் பிழை இது.

எளிய தீர்வு, எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு. 1996ல் லினக்ஸ் இயங்குதளத்தின் 2.0 பதிப்பு பல ப்ராசஸர்களை ஆதரிக்கத் தொடங்கியபோது அதைத்தான் செய்தது. கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, முழுமைக்கும் ஒரே ஒரு "பெரிய கர்னல் பூட்டு". இரண்டு, நான்கு ப்ராசஸர்கள் இருந்த கணினிகளுக்கு அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரே பூட்டு இருக்கும்போது தவறான பூட்டைப் பிடித்துவிட வழியே இல்லை.

கோர்கள் பெருகும்போதுதான் விலை தெரிகிறது. வரிசையில் காத்திருக்கும் நேரம் வெளிப்படையான செலவு. கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் இருக்கிறது. ப்ராசஸர் நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. எக்ஸ்86 ப்ராசஸர்களில் 64 பைட் கொண்ட ஒரு கேச் வரியாக எடுக்கிறது. ஒரு கோர் அந்த வரியில் எழுத வேண்டுமானால் மற்ற கோர்களிடம் உள்ள பிரதிகளைச் செல்லாததாக்கிவிட்டு, வரியைத் தன்னிடம் இழுத்துக்கொள்ள வேண்டும். தன் கேச்சில் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இருப்பதைத் தொட ஏறத்தாழ ஒரு நானோநொடி போதும். வேறொரு கோரிடமிருந்து இழுத்து வர அதைப்போல் பல பத்து மடங்கு ஆகும்.

"எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதுகிறவர் மட்டும் தனியாக வர வேண்டும்" என்ற வகைப் பூட்டுகூட இதிலிருந்து தப்பாது. படிக்க வருகிறவரும் "நான் உள்ளே இருக்கிறேன்" என்று ஓர் எண்ணிக்கையைக் கூட்டித்தானே வர வேண்டும்? அந்தக் கூட்டலே நினைவகத்தில் எழுதும் வேலைதான். யாரும் யாருக்காகவும் காத்திருக்காத நேரத்திலும், அந்த ஒரே வரிக்காக எல்லாக் கோர்களும் இழுபறி செய்துகொண்டிருக்கும்.

சரி, பூட்டைச் சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்துவிடலாமா? பிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு பூட்டையும் பிடிப்பதற்கும் விடுவிப்பதற்குமே செலவு உண்டு. 1990களில் பைத்தான் நிரல்மொழியின் ஒற்றைப் பெரும் பூட்டை எடுத்துவிட்டுச் சிறு பூட்டுகள் போட்டுப் பார்த்தபோது, ஒரே இழையில் (ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர்) ஓடும் நிரல்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அந்தப் பூட்டு இல்லாத பைத்தான், சோதனை முயற்சியாக 3.13 பதிப்பில் வந்தது 2024ல்தான். அப்புறம் டெட்லாக் இருக்கிறது. ஒருவர் முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருப்பார், இன்னொருவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருப்பார். இருவரும் நகரவே மாட்டார்கள்.

இவற்றைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. அதற்கு 2023ல் லினக்ஸில் நடந்ததே நல்ல எடுத்துக்காட்டு.

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தன் நினைவகப் பகுதிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியல் முழுவதற்கும் ஒரே பூட்டு இருந்தது. ஓர் இழை நினைவகத்தின் புதிய பக்கத்தை (ஒரு சிறு துண்டு) தொட்டால், கர்னல் அந்தப் பூட்டைப் படிப்பவராகப் பிடித்துப் பக்கத்தைக் கொடுக்கும். இன்னோர் இழை புதுப் பகுதி கேட்டால், எழுதுபவராகப் பிடிக்கும். அது முடியும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். பல இழைகள் ஓடும் நிரல்களுக்கு இது பெரிய தடை. அதனால் 6.4 பதிப்பில் பகுதிக்கு ஒரு பூட்டு வந்தது. பக்கம் கேட்பவர் தன் பகுதியின் பூட்டை மட்டும் பிடித்தால் போதும், பட்டியல் முழுவதற்குமான பெரிய பூட்டைப் பார்க்கவே வேண்டாம்.

வேகம் கூடியது. ஆனால் சில நிரல்களில் நினைவகம் சிதைந்தது. காரணம் ஃபோர்க், அதாவது ஒரு நிரல் தன்னைப் பிரதியெடுத்துக்கொள்ளும் செயல். ஃபோர்க் பெரிய பூட்டை எழுதுபவராகப் பிடிக்கும். அது பிடித்திருக்கும்வரை யாருக்கும் புதுப் பக்கம் கிடைக்காது, எனவே பிரதியெடுக்கும்போது எதுவும் நடுவில் மாறாது. இதை ஒருவரும் விதியாக எழுதி வைக்கவில்லை. பூட்டு பெரிதாக இருந்ததால் கூடவே கிடைத்த பாதுகாப்பு அது. புதிய முறையில் பக்கம் கேட்பவர் பெரிய பூட்டைப் பார்ப்பதில்லை என்பதால், பிரதியெடுக்கும் நேரத்திலேயே பக்கங்கள் மாறத் தொடங்கின. ஜூலையில் அந்த வசதியைத் தற்காலிகமாக முடக்கினார்கள். ஃபோர்க் சற்று மெதுவாகும் என்று தெரிந்தே, அது ஒவ்வொரு பகுதியையும் பூட்டும்படி திருத்தினார்கள். புதிதாக எழுதிய வரிகளை மட்டும் எத்தனை முறை படித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. அது இருந்த இடம், யாரும் தொடாத பழைய ஃபோர்க்கில்.

ஆகவே அளந்து பார்க்காமல் பூட்டைப் பிரிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2010ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 48 கோர் கணினியில் லினக்ஸைச் சோதித்து, கர்னலில் கண்ட தடைகளைச் சுமார் 3,000 வரி மாற்றங்களிலேயே நீக்கினார்கள். அவர்கள் செய்தவற்றில் ஒன்று, பொதுவான எண்ணிக்கையை ஒவ்வொரு கோரிடமும் ஒரு பங்காகப் பிரித்துக் கொடுத்தது. பெரும்பாலும் அவரவர் பங்கிலேயே கூட்டிக்கொள்ளலாம், பொது எண்ணிக்கையைத் தொட வேண்டியதில்லை. பூட்டை மாற்றுவதைவிட, ஒரே தரவைப் பலரும் தொட வேண்டிய தேவையையே குறைப்பது எனக்கு எப்போதும் நிம்மதியான வழியாகத் தோன்றுகிறது.

பூட்டை மாற்றியே தீர வேண்டும் என்றால், அந்த வாய்மொழி உடன்பாட்டை இயந்திரம் சரிபார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2006ல் லினக்ஸில் சேர்ந்த லாக்டெப் கருவி, பூட்டுகள் எந்த வரிசையில் பிடிக்கப்படுகின்றன என்று குறித்துக்கொண்டே வரும். டெட்லாக் நிகழாவிட்டாலும், வரிசை ஒருமுறை தலைகீழானாலே எச்சரிக்கும். ஒரு செயற்கூறின் (ஃபங்ஷன்) தொடக்கத்தில் "இந்தப் பூட்டு பிடித்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கலாம்; பிடிக்காமல் வந்தவர் சோதனை ஓட்டத்திலேயே மாட்டிக்கொள்வார். ரஸ்ட் மொழி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் தரவு பூட்டுக்குள்ளேயே இருக்கும். பூட்டைப் பிடிக்காமல் தரவைத் தொடும் நிரல், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரைத் தாண்டாது. அங்கே பூட்டு, உண்மையிலேயே கதவுப் பூட்டுபோல ஆகிவிடுகிறது.

முதலில் சொன்ன பெரிய கர்னல் பூட்டுக்கு அந்த வசதியெல்லாம் கிடைக்கவில்லை. அதில் இரண்டு விசித்திரங்கள் இருந்தன. பிடித்திருப்பவரே அதை மீண்டும் பிடிக்கலாம். பிடித்தவர் எதற்காகவாவது தூங்கப் போனால், அது தானாகவே விடுபட்டு, விழித்ததும் மறுபடி பிடிபடும். எந்த வரியில் பாதுகாப்பு இருக்கிறது, எந்த வரியில் இல்லை என்பதை நிரலைப் படித்துச் சொல்லவே முடியாது. அதனால் ஒரே வீச்சில் எடுக்காமல், ஒவ்வோர் இடமாக ஆராய்ந்து எடுத்தார்கள். சாதனங்களை இயக்கும் நிரல்களான இயக்கிகளுக்கு, 2005ல் "பூட்டப்படாத ஐஆக்டல்" என்று ஒரு புது நுழைவு வைத்தார்கள் (ஐஆக்டல் என்பது சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் வழி). பெரிய பூட்டு இல்லாமலே தாங்கும் என்று சரிபார்க்கப்பட்ட இயக்கி அந்தப் பெயருக்கு மாறும். பழைய பெயரில் மிச்சமிருப்பவை எவை என்று தேடினாலே தெரிந்துவிடும். 2011ல் 2.6.39 பதிப்போடு பெரிய பூட்டு முழுதாகப் போனது. ஒப்பிட்டுச் சொல்லப் பூட்டிய வகை இப்போது இல்லை. ஆனாலும் இன்று எழுதப்படும் இயக்கிகளிலும் அந்த நுழைவின் பெயர் "பூட்டப்படாத ஐஆக்டல்"தான்.