பாட்டு நின்ற பிறகு வரும் இரண்டு நிமிடம்

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் "மனசு சரியில்லாதப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில், "பாட்டு கேப்பேன் மேடம்." நல்ல பதில்தான். அடுத்த கேள்வியில்தான் தடுமாறுவார்கள். "பாட்டு முடிஞ்சதும்?" கொஞ்சம் விழித்துவிட்டு, "அதான் அடுத்த பாட்டு வந்துடுமே" என்பார்கள். கைபேசிச் செயலிகளின் அமைப்பே அப்படி. ஒன்று முடிந்த கையோடு அடுத்தது ஆரம்பித்துவிடும். தூங்கும்வரை, சிலருக்குத் தூங்கிய பிறகும், காதில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கிறது.

பாட்டு கேட்டால் நிம்மதி கிடைக்கிறது என்பவர்களில் பலருக்குக் கிடைப்பது வெறும் இடைவேளைதான். விளக்கை அணைத்ததும் படம் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். இடைவேளையும் தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்கில் இடைவேளையிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் தங்கள் மேலேயே நம்பிக்கை குறைகிறது. "நான் தனியா, சும்மா இருக்கவே முடியாது" என்ற எண்ணம் மெல்ல வேரூன்றுகிறது.

இசை உடம்பில் என்ன செய்கிறது என்பது ஓரளவு தெரிந்த விஷயம். இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 24 பேர். பாதிப் பேர் இசைக் கலைஞர்கள், பாதிப் பேர் இசைப் பயிற்சி இல்லாதவர்கள். ஆறு விதமான இசையைக் கேட்க வைத்தார்கள், அதில் நம் நாட்டு ராகம் ஒன்றும் இருந்தது. வேகமான இசை வந்தபோது மூச்சும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. மெதுவான இசைக்கு இறங்கின. கேட்டவருக்கு அந்த இசை பிடித்ததா இல்லையா என்பதைவிட வேகம்தான் முக்கியமாக இருந்தது. இதெல்லாம் நாமே ஊகிக்கக்கூடியதுதான். ஊகிக்க முடியாத ஒன்றும் அதில் கிடைத்தது. நடுவே இரண்டு நிமிடம் இசையை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் துடிப்பும் அழுத்தமும், ஆரம்பத்தில் இசையே இல்லாமல் இருந்தபோது இருந்த அளவைவிடவும் கீழே போயின.

சும்மா உட்கார்ந்தால் அந்த அளவு ஓய்வு கிடைக்கவில்லை. இசையைக் கேட்டு, அது நின்ற பிறகுதான் கிடைத்தது. நாம் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் அடுத்த பாட்டைப் போட்டு அடைத்துவிடுகிறோம்.

அதனால் நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் எளிமையானது. மெதுவான பாட்டு ஒன்று, அல்லது வார்த்தையில்லாத வாத்திய இசை. நாலைந்து நிமிடம் போதும். தானாக அடுத்த பாட்டுக்குப் போகும் வசதியை முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும். பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். கண்ணை மூடினாலும் சரி, மூடாவிட்டாலும் சரி. தியானம் என்ற பெயரெல்லாம் வேண்டாம், அப்படிச் சொன்னாலே பலர் முதுகை நிமிர்த்தி விறைப்பாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதல் சில நாட்களுக்கு அந்த இரண்டு நிமிடம் ஒரு வதை. கட்ட வேண்டிய தவணை, மாமியார் சொன்ன ஒரு வார்த்தை, மேலதிகாரி பார்த்துவிட்டும் பதில் போடாத வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வரிசை கட்டி வரும். வரட்டும். மறந்துவிட்டதாக நாம் நினைத்தவை நிஜத்தில் என்னென்ன என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இங்கே சோகப் பாட்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். "சோகமா இருக்கும்போது சோகப் பாட்டு கேக்கலாமா?" என்று கேட்காதவர்களே குறைவு. கேட்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1940-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நோயாளியின் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேண்டிய மனநிலைக்கு நகர்த்த வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. இசை சிகிச்சையாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மனம் நொந்து கிடப்பவரிடம் குத்துப்பாட்டு போட்டுவிட்டால் எரிச்சல்தான் வரும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. தாலாட்டைக் கவனித்தால், அத்தை அடித்தாளா, மாமன் அடித்தானா என்று குழந்தையைக் கேட்கும் சாக்கில் தாய் தன் மனக்குறையைப் பாடிவிடுவாள். பாட்டின் போக்கில் அவள் குரலும் தணியும், குழந்தையும் தூங்கும். ஒப்பாரியும் அப்படித்தான். துக்கத்தை வார்த்தையாக்கி, மெட்டு கொடுத்து, கூட நாலு பேர் தோளில் கைபோட்டுப் பாடுவது. அதற்கு ஒரு முடிவும் உண்டு. பாடி முடித்து, மூக்கைச் சிந்தி, தண்ணீர் குடித்து எழுந்துவிடுவார்கள்.

இரவு ஒரு மணிக்கு, இருட்டறையில், காதுக்கருவியில் ஒரே காதல் தோல்விப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுவதற்கு அந்த முடிவு கிடையாது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சமா 1991-இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும். வருத்தத்தில் இருப்பவர், "எனக்கு ஏன் இப்படி?" என்று அந்த வருத்தத்தையே சுற்றிச் சுற்றி வந்தால் மனச்சோர்வு நீளும், ஆழமாகும். அப்படிச் சுற்றும் பழக்கமுள்ளவர்களுக்குச் சோகப் பாட்டு வடிகாலாக இருப்பதில்லை, எரிகிற அடுப்பில் இன்னொரு விறகாகிவிடுகிறது. கண்டுபிடிக்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: பாட்டு கேட்டு முடித்ததும் எழுந்து முகம் கழுவத் தோன்றுகிறதா, இல்லை இன்னும் போர்த்திக்கொண்டு படுக்கத் தோன்றுகிறதா?

பதின்ம வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காதுக்கருவியைப் பிடுங்காதீர்கள். "என்ன பாட்டுடா அது, எனக்கும் போடு" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை என்ன நிலையில் இருக்கிறது என்பது அந்தப் பாட்டிலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், யோசிப்பது. பாட்டுக்குப் பிந்தைய அமைதியில் மேலே வருவதை என்ன செய்வது? "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை நான் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்வேன். "நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்பதற்கு மனச்சோர்வில் இருப்பவர் கண்டுபிடிக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஏன்னா நான் லாயக்கில்லை." அதற்குப் பதிலாக, என்ன நடந்தது, அப்போது உடம்பில் எங்கே தெரிந்தது, அடுத்து நான் செய்யக்கூடிய சின்ன வேலை எது என்று எழுதலாம். இரண்டு மூன்று வரி போதும்.

எழுதுவதற்குப் பலன் உண்டா? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவங்களைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எழுதிய அன்றே மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்து, ஆகவில்லை என்றதும் நோட்டை மூடி வைத்துவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அண்மையில் நடந்த மரணம், விபத்து, வன்முறை போன்றவற்றைத் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். அதற்குத் துணை வேண்டும்.

இதெல்லாம் தன்னம்பிக்கைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதுக்குப் பக்கம். சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறார், இரண்டு பெண்களுக்கு வேலை கொடுக்கிறார். ஊரில் கேட்டால் கெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் எந்த முடிவையும் அக்காவிடம், கணவரிடம், பக்கத்து வளையல் கடைக்காரரிடம் என்று மூன்று பேரிடம் கேட்காமல் எடுக்கமாட்டார். மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அன்று இரவு தூக்கம் போய்விடும். "எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல மேடம்" என்றார்.

யாரிடமும் கேட்காதீர்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. கேளுங்கள், ஆனால் கேட்பதற்கு முன்னால் உங்கள் முடிவை எழுதிவிடுங்கள் என்றேன். கடை அடைத்த பிறகு ஒரு பாட்டு, இரண்டு நிமிடம் அமைதி, பிறகு நோட்டில் தேதி போட்டு முடிவும் காரணமும். அதற்குப் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

சில வாரம் கழித்து அளவு எழுதும் நோட்டையே கொண்டு வந்தார். கடைசிப் பக்கங்களில் எழுதியிருந்தார். ஒரு பக்கம் இப்படி இருந்தது: "லைனிங் பிளவுஸுக்கு 50 ரூபா ஏத்தணும். துணி வெலை, நூல் வெலை ரெண்டும் ஏறிப்போச்சு. தீபாவளி ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும்." அதற்குக் கீழே வேறு மையில்: "அக்கா வேண்டாம்னு சொல்லிச்சு. கஸ்டமர் போயிடுவாங்களாம்." இன்னும் கீழே: "ஏத்தியாச்சு. ரெண்டு பேர் ஏன்னு கேட்டாங்க. துணிய திருப்பி வாங்கல."

எல்லாமே சரியாகப் போகவில்லை. பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்றை வாங்கி, அது மூன்றாம் நாளே மக்கர் செய்தது. அந்தப் பக்கத்தில் அழுகையோ புலம்பலோ இல்லை. "மோட்டார ஓட்டிப் பாக்காம வாங்கிட்டேன். அடுத்த தடவ மெக்கானிக்க கூட்டிட்டுப் போகணும்" என்று இருந்தது. அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். தப்பே செய்யமாட்டேன் என்று நினைப்பது தன்னம்பிக்கை ஆகாது. தப்பானால் என்னால் சமாளிக்க முடியும் என்று தெரிந்திருந்தால் போதும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதியது இதை விளக்கும். "என்னால் முடியும்" என்ற எண்ணம் நான்கு இடங்களிலிருந்து வரலாம்: நாமே செய்து பார்த்தது, நம்மைப் போன்ற இன்னொருவர் செய்ததைப் பார்த்தது, பிறர் தரும் ஊக்கம், நம் உடம்பின் அப்போதைய நிலை. இவற்றில் வலுவானது முதலாவதுதான் என்றார். கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவள்" என்று சொல்லிக்கொள்வது ஏன் பலருக்கு நிற்பதில்லை என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. மனம் சான்று கேட்கும். நோட்டு அந்தச் சான்று. பாட்டும் அமைதியும் செய்யும் வேலை நான்காவதில் வருகிறது. உடம்பு படபடத்துக்கொண்டிருக்கும்போது எந்த முடிவும் ஆபத்தாகவே தெரியும். அது தணிந்த பிறகு எழுதினால் வேறு மாதிரி வருகிறது.

அந்தப் பெண் பள்ளியில் படிக்கும்போது இறைவணக்கம் பாடியவர். கல்யாணத்துக்குப் பிறகு பாடவேயில்லை. கேட்பதோடு நிற்காமல் பாடியும் பாருங்கள் என்றதற்கு வெட்கப்பட்டார். கைபேசியில் சுருதிப் பெட்டிச் செயலியை இறக்கி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, 'ஸ' என்ற முதல் சுரமான ஷட்ஜமத்தில் 'ம்' என்று முனகித்தான் ஆரம்பித்தார். பிறகு, பாட்டு கற்கிற எல்லாரும் முதலில் படிக்கும் மாயாமாளவகௌளை ராகத்துச் சரளி வரிசை.

பாடுவதில் இரண்டு லாபம். ஒன்று, நீளமாகப் பாட வேண்டுமானால் மூச்சை மெதுவாக விட்டாக வேண்டும். அதே பெர்னார்டி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெபமாலை ஜெபத்தையோ யோக மந்திரத்தையோ உச்சரித்தவர்களின் மூச்சு நிமிடத்துக்கு 6 அளவுக்குக் குறைந்தது. அந்த வேகம் இதயத்துக்கும் இதமானது. இரண்டாவது லாபம் எனக்கு இன்னும் முக்கியம். சுருதியோடு பாடும்போது குரல் விலகினால் நம் காதே சொல்லிவிடும். நாமே சரிசெய்து திரும்பி வருவோம். பக்கத்து வளையல் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தும் அந்தப் பழக்கம், அடுத்த நாள் கல்லாவில் உட்காரும்போதும் கொஞ்சம் கூட வருகிறது. குரல் நன்றாக இருக்கிறதா என்பது இங்கே கணக்கில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் ரத்தக்கொதிப்புக்கு என்று மருந்துச் சீட்டு மாதிரி ஒன்று. நீலாம்பரி தூங்க வைக்க ஏற்றது என்பது நம் நெடுநாள் அனுபவம், தேவாரப் பண் முறையில் அதையே மேகராகக்குறிஞ்சி என்பார்கள். ஆனால் ஒரு நோய்க்கு ஒரு ராகம் என்று பிரித்துக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. உங்களுக்கு இதமாக இருப்பதைக் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டு பழைய கெட்ட நினைவைக் கிளறுகிறது என்றால், எத்தனை பேர் அதைப் புகழ்ந்தாலும் விட்டுவிடுங்கள். ஒலியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை.

இசையாலும் நோட்டாலும் ஆகாத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி கெட்டுப்போயிருந்தால், முன்பு உயிராக இருந்த பாட்டே இப்போது பிடிக்கவில்லை என்றால், காரணமில்லாமல் குற்றவுணர்வு வாட்டினால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், வீட்டு வைத்தியம் போதாது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பாட்டு கேட்டு மனசு தேறிவிட்டது என்று தாங்களாகவே அதை நிறுத்திவிட வேண்டாம். எழுதி வைத்த நோட்டை அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள், மருந்தின் அளவை முடிவு செய்ய அது அவருக்கும் உதவும்.