மழைநீர் வடிகால் கட்டணம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்க நகரம் ஒன்றில் புது வீடு கட்டப் போனால், பர்மிட் பில்லில் பல இடங்களில் 'ஸ்டார்ம் டிரெயின்' என்று தனியாக ஒரு தொகை இருக்கும். கூரையும் கான்கிரீட்டும் மண்ணை மூடுவதால் கூடுதலாக ஓடி வரும் மழைநீருக்குக் குழாய் போட, கட்டுபவரிடம் நகராட்சி ஒருமுறை வாங்கும் பங்கு இது. மாதாமாதம் வரும் மழைநீர்க் கட்டணம் வேறு. பெரிய பில்டர்களுக்கு இதைச் சரிபார்க்க வக்கீல் உண்டு. ஒன்றிரண்டு வீடு கட்டுபவர்தான் கவுண்டரில் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு வருகிறார்.

கணக்கு எதன் மேல் என்று முதலில் கேளுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்பார்கள், வீட்டுக்கு இவ்வளவு என்பார்கள், அல்லது தண்ணீர் இறங்காத பரப்பின் சதுர அடிக்கு இவ்வளவு. பணம் அதிகம் நழுவுவது மூன்றாவதில். பழைய வீடும் கார் பாதையும் 1,500 சதுர அடி, புதிதாக வருவது 4,000 என்று வையுங்கள். பழையதைக் கழிக்கும் ஊரில் 2,500-க்குத்தான் கட்டணம். ஆனால் அந்தச் சலுகையை யாரும் தானாகப் போட்டுத் தர மாட்டார்கள். இடித்த பிறகு போய்க் கேட்டால் 'அங்கே என்ன இருந்தது, ஆதாரம்?' என்பார்கள். இடிக்கும் முன்பே சர்வே வரைபடம், தேதியோடு புகைப்படம், இடிப்பு பர்மிட்டின் நகல் மூன்றையும் எடுத்து வையுங்கள். இடித்துவிட்டு வருடக்கணக்கில் சும்மா போட்டால் சலுகையே காலாவதியாகும் ஊர்களும் உண்டு. சரளைக்கல் பாதை தண்ணீரை உறிஞ்சும் என்று நினைத்துக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். வண்டி ஏறி இறுகிய சரளையைக் கான்கிரீட்டோடு சேர்த்து எண்ணும் விதிகள் இருக்கின்றன.

'என் மனையிலேயே தண்ணீரைத் தேக்கும் குளம் வெட்டிவிட்டேன், எனக்கு ஏன் கட்டணம்?' என்ற கேள்வி நியாயமானதுதான். அலுவலகத்தின் பதில்: குளம் உங்கள் தண்ணீரை மெதுவாக விடுகிறது, ஆனாலும் அது கடைசியில் எங்கள் பிரதானக் குழாயில்தான் சேருகிறது. அதனால் குளத்துக்குச் சலுகை உண்டா, எவ்வளவு என்பதை வரைபடம் ஒப்புதலாகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது இதைவிட மோசம். உங்களுக்கு 18 அங்குலக் குழாய் போதும். மேல்பகுதி மனைகளுக்கும் சேர்த்து 24 அங்குலம் போடச் சொல்வார்கள். அதே சரிவில் 24 அங்குலக் குழாய் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரைக் கடத்தும். அந்தக் கூடுதல் பாதி உங்களுக்கானதல்ல. பொதுவாகத் திருப்பித் தருவது இரண்டு அளவுகளுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை மட்டுமே, அதுவும் பள்ளம் தோண்டும் முன் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால். பள்ளத்தை மூடியபின் ரசீதோடு போனால் அனுதாபம் கிடைக்கும், பணம் கிடைக்காது.

கலிஃபோர்னியாவில் கட்டுபவர்கள் ஒரு எண்ணை மறக்கக் கூடாது: 750 சதுர அடி. பிரதான வீடு உள்ள மனையிலேயே கட்டும், அதைவிடச் சிறிய துணை வீட்டுக்கு, அதாவது ஏ.டி.யு.வுக்கு, இம்பாக்ட் ஃபீ (புதுக் கட்டடத்துக்காக வாங்கும் இதுபோன்ற ஒருமுறைப் பங்கு) கிடையாது. அந்த அளவைத் தாண்டினால் பிரதான வீட்டின் அளவோடு ஒப்பிட்டு விகிதப்படி வாங்கலாம். பிளானில் ஒரு அலமாரிக்காக 760 ஆக்கிவிட்டுப் பிறகு புலம்புபவர்கள் இருக்கிறார்கள். இணைப்புக் கட்டணம் இந்த விலக்கில் சேராது; பில்லில் எந்தத் தொகை எது என்று பிரித்துக் கேளுங்கள்.

தொகை தவறென்றால் கட்டாமல் சண்டை போடாதீர்கள், பர்மிட்தான் நிற்கும். கலிஃபோர்னியச் சட்டம் தரும் வழி, முழுத்தொகையையும் கட்டிவிட்டு எழுத்தில் ஆட்சேபம் கொடுப்பது. கட்டணம் விதிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள்தான். கவுண்டரில் வாயால் சொன்னது ஆட்சேபமாகாது. ஆட்சேபத்தில் எதைக் கேட்பது? பழைய குழாய்களின் குறையைச் சரிசெய்யும் செலவு உங்கள் கட்டணத்தில் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் அதைப் புதுக் கட்டடத்தின் தலையில் கட்ட முடியாது. 'கவுன்சில் போட்ட பட்டியல் சார், நாங்கள் என்ன செய்ய?' என்ற பதிலோடு திரும்பி வர வேண்டாம். கவுன்சில் விதித்த கட்டணம் என்பதாலேயே அது ஆய்வுக்கு அப்பாற்பட்டதல்ல என்று 2024-இல் ஷீட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டணமே செல்லாது என்று சொல்லவில்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

டெக்சஸில் மனைப்பிரிவு வரைபடம் பதிவாகும் கட்டத்தில் தொகை நிர்ணயமாகும், வசூல் பெரும்பாலும் பர்மிட்டின்போது. இடையில் கட்டணம் ஏறியிருந்தால் அன்றைய பட்டியலை நீட்டுவார்கள். உங்கள் மனைக்கு எந்தத் தேதியில் நிர்ணயம் ஆனது என்று கேட்டுப் பழைய தொகையைக் காட்டுங்கள்.

வாங்கிய பணத்தை 10 ஆண்டுக்குள் செலவிடாவிட்டால் டெக்சஸில் திருப்பித் தர வேண்டும். கொடுப்பது கட்டியவருக்கு அல்ல, திருப்பித் தரும் நாளில் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. கலிஃபோர்னியாவிலும் திருப்பித் தரும் பணம் அன்றைய உரிமையாளருக்குத்தான். எனவே விற்கும் பில்டர் அந்த உரிமையை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் கட்டண ரசீதின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வைக்க வேண்டும்.