மாஸ்ரரின் ஹெட்போனும் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பள்ளமும்

ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் கிளினிக் கொப்பியோடு ஒரு சீலைப் பையையும் மடியில் வைத்தபடி வாங்கில் இருந்தார். மல்லாவிப் பக்கம் ஊர். முறை வந்ததும் பையைத் திறந்து பெரியதொரு ஹெட்போனை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இது மகன் கனடாவில இருந்து அனுப்பினவன். நல்ல விலையாம். போனில குத்தி முழுச் சத்தம் வைச்சாலும் எங்கேயோ தூரத்துக் கோயில்ல கேக்கிற மாதிரிக் கிடக்கு. சாமான் பிழையோ, என்ர காது பிழையோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. கிளிநொச்சியில் செவிப்புலன் பரிசோதனை செய்கிற எனக்கு இப்படி ஹெட்போனோடு வருபவர்கள் இப்போது புதிதில்லை. அவரை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

முதலில் சாமான். ஹெட்போனின் ஓரத்தில் 300 ஓம் என்று அச்சடித்திருந்தது. ஓம் என்பது மின்சாரத்துக்கு அது காட்டுகிற தடையின் அளவு. ஓம் கூடக்கூட அதை ஓட்டுவதற்குக் கூடிய வோல்டேஜ் வேண்டும். கைப்பேசிக்கு உள்ளே இருக்கிற சின்னச் சுற்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. சென்ஹைசரின் எச்.டி. 600, எச்.டி. 650 இரண்டுமே 300 ஓம்தான். வீட்டில் ஒரு அம்பிளிஃபையரோடு இருந்து கேட்பவர்களுக்காகச் செய்தவை அவை. பெயர்டைனமிக் டி.டி. 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. ஓடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம். போனிலோ மடிக்கணினியிலோ நேரே குத்திக் கேட்பவருக்கு இந்தக் குறைந்த ஓம் சாமான்கள் பெரும்பாலும் போதும். அதற்காக ஓமை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடவும் கூடாது. பிளேனர் வகை (மெல்லிய தட்டைச் சவ்வு அதிர்ந்து ஒலி தருகிற) ஹெட்போன்களில் ஓம் குறைவாக இருந்தாலும் சில, கரண்டைக் கூடுதலாகக் கேட்கும். வெளிநாட்டில் இருந்து அனுப்புகிற பிள்ளைகள் "நல்ல விலை" என்பதோடு நிறுத்தாமல், "அப்பா இதை எதில குத்தப் போறார்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாஸ்ரருக்கு அந்தப் பயம் வந்திருக்காது. போனுக்கும் ஹெட்போனுக்கும் இடையில் குத்துகிற, சத்தத்துக்குத் தெம்பு கொடுக்கிற உள்ளங்கை அளவு யு.எஸ்.பி. டாக்-அம்ப் ஒன்று வாங்கியதோடு அந்தப் பாதி தீர்ந்தது.

மற்றப் பாதி காது. அவரைக் கண்ணாடி அறைக்குள் இருத்தி என்னுடைய ஹெட்போனை மாட்டினேன். எங்கள் தொழிலில் வருடக்கணக்காகப் பாவிப்பது டி.டி.எச்.-39 என்ற வகை. கறுப்பு ரப்பர் மெத்தை, இறுக்கமான பட்டி; அதில் பாட்டுக் கேட்டால் அழுகைதான் வரும். ஆனால் எந்த ஹெர்ட்ஸில் (ஒலியின் சுருதி அளவு) எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவு) வருகிறது என்று அளந்து சரிபார்த்த சாமான். (இசைக்கும் சோதனைக்கும் இடையில் இப்படிப் பழைய உறவு ஒன்று உண்டு. பெயர்டைனமிக் 1937இல் விட்ட டி.டி. 48 பின்னாளில் காது சோதிக்கிற அறைகளுக்குள்ளும் போனது. சென்ஹைசரின் வீட்டுப் பாவனை ஹெட்போன் பிரிவை 2022இல் எடுத்துக்கொண்ட சுவிஸ் நிறுவனமான சொனோவா, காது மெசின் செய்கிற நிறுவனம்.)

"கூ" என்று கேட்கும்போதெல்லாம் பட்டனை அமத்தச் சொன்னேன். 250, 500, 1000 ஹெர்ட்ஸ் எல்லாம் உடனுக்குடன் அமத்தினார். 4000க்கு வந்ததும் கை அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், வலது காதில் நெடுநேரத்துக்குப் பிறகுதான் அமத்தினார். 8000இல் மீண்டும் கொஞ்சம் கேட்டது. தாளில் வலது காதுக்குரிய சிவப்பு வட்டங்களை இணைத்தால் நாலாயிரத்தில் ஒரு பள்ளம். இடது காதின் நீலக் கோடு அவ்வளவு இறங்கவில்லை.

இந்தப் பள்ளத்தை நான் வன்னியில் எத்தனை பேரின் தாளில் கீறியிருக்கிறேன் என்று எண்ணியதில்லை. பெருஞ்சத்தம் காதில் முதலில் கடிக்கிற இடம் 3000க்கும் 6000க்கும் இடைப்பட்ட பகுதிதான். உட்காதில் இருக்கிற மயிர்க்கலங்கள் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. 2009 வரை எறிகணைக்குள்ளால் வந்தவர்கள், இண்டைக்கும் வயலில் யானை வெடி கொளுத்துகிறவர்கள், லான்ட்மாஸ்ரர் என்கிற இரு சில்லு உழவு மெசினில் நாள் முழுக்க இருப்பவர்கள், அரிசி ஆலையில் நிற்பவர்கள். "காது இரையுது" என்பதைக்கூட ஒரு வருத்தமாகச் சொல்லாமல் பழகிப்போனவர்கள். ஆட்கள் கதைப்பது கேட்கும், ஆனால் "என்ன சொன்னது எண்டு விளங்கேல்லை" என்பார்கள். சகர ஒலிகள் தெளிவாகக் கேட்காமல் போவதால் வருகிற குழப்பம் அது.

சோதனை முடிந்த பிறகு ஒரு காரியம் செய்தேன். மருத்துவத்தில் இல்லாத சோதனை, என் சொந்த ஆவலுக்கு. மாஸ்ரரின் ஹெட்போனை என் மடிக்கணினியோடு இருந்த அம்பில் குத்தி, அவர் போனில் வைத்திருந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய தவில் பதிவொன்றைப் போட்டேன். முகம் மலர்ந்தது. தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானவர். அந்தக் காலத்து நாடாப் பதிவின் இரைச்சல்கூட நல்ல ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். பிறகு ஹெட்போனை இடம்வலம் மாற்றி மாட்டிப் பார்த்தார். சற்று யோசித்துவிட்டு, "பிள்ளை, எப்பிடி மாத்தினாலும் தாளம் இந்தப் பக்கத்தாலதான் வருது" என்று இடது காதைத் தொட்டார். வலப்பக்கம் தவிலின் அடி இருந்தது. தாளத்தின் கிணுகிணுப்பு இல்லை. நான் தாளில் கீறிக் காட்டியதை அவரே காதால் கண்டுபிடித்துவிட்டார்.

எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்தத் தாளத்தை வலது காதுக்கு ஒரு ஹெட்போன் திருப்பிக் கொண்டுவராது. அதனால்தான் பெரிய காசு போடுமுன் ஒருதரம் காதைச் சோதித்துவிடுங்கள் என்கிறேன். இரண்டு காதுக்கும் வித்தியாசம் தெரிந்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும். ஒரு காது திடீரென்று, காலையில் எழும்பும்போது அடைத்துப்போய்க் கேட்காமல் இருந்தால் அது குறும்பிதான் என்று எண்ணி எண்ணெய் விட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நாள் போகப்போக மருந்துக்கு மடங்குவது குறையும். கோழி இறகு, ஊசி, சாவி எதையும் காதுக்குள் விடவேண்டாம் என்பதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

இனி, நல்ல ஹெட்போனுக்குக் காசு கொடுப்பதில் என்ன பயன் என்று கேட்டால், நான் சொல்வது ஒன்றுதான்: குறைந்த சத்தத்திலேயே எல்லாம் கேட்கும். வீணையின் நரம்பில் விரல் உரசுவதும், பாடகி மூச்சு எடுப்பதும் கேட்க வோல்யூமைக் கூட்டத் தேவையில்லாமல் செய்வதுதான் அந்த விலைக்குரிய வேலை. ஆனால் இதற்குள் ஒரு பொறியும் இருக்கிறது. மலிவுச் சாமான் சத்தம் கூடினால் கரகரக்கும். எரிச்சலில் நாமே குறைப்போம். நல்லது கரகரக்காது. எவ்வளவு கூட்டினாலும் சுத்தமாகவே இருக்கும், காது எச்சரிக்கை கொடுக்காது. அதைவிட, சத்தம் குறைந்தால் மனிதக் காதுக்கு அடித்தொனி முதலில் மெலிந்துபோகும். ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிய விஷயம். தவிலில் அடித்தொனி தருகிற தொப்பிப் பக்கம் போதாது என்று எல்லோரும் வோல்யூமைக் கூட்டுவது அதனால்தான். வோல்யூமைத் தொடாமல் தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்குவலைசரில் பேஸை (அடித்தொனியை) மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 90இல் 4 மணி நேரம், 100இல் 20 நிமிடம். 20 நிமிடம் என்பது ஒரு நாளைக்கு இல்லை, ஒரு கிழமைக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு 75 டெசிபெலில்தான் அந்த 40 மணி நேரம்.

எங்கள் வீடுகளில் இந்தக் கணக்குத் தவறுகிற இடம் வேறு. உயர்தர ஹெட்போன்களில் பெயர்பெற்றவை பலவும் ஓப்பன்-பேக், முதுகுப் பக்கம் வலைபோல் திறந்திருக்கும். சென்ஹைசர் 1968இல் விட்ட எச்.டி. 414இல் தொடங்கிய வகை. இசை காதுக்குள் அடைபடாமல் முன்னால் விரிந்த மாதிரிக் கேட்கும், காதும் அவியாது. ஆனால் அது கண்ணாடி யன்னலைச் சாத்திய, அமைதியான அறைக்கு உரியது. எங்களுக்கு யன்னல் திறந்திருக்கும், தலைக்கு மேல் ஃபான், பக்கத்துக் காணியில் தண்ணி பம்ப், வைகாசியில் கோயில் லவுட்ஸ்பீக்கர், மாரியில் தகரத்தில் மழை. அத்தனையும் ஓப்பன்-பேக்குக்குள்ளால் நேரே வரும். மழை கூட, நாமும் கூட்டுவோம், மழை விட்ட பிறகு குறைக்க மறந்துவிடுவோம். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் கேட்பேன் என்பவர் ஓப்பன்-பேக் வாங்கலாம். பகலில் கேட்பவருக்கு முதுகு மூடிய வகைதான் சரி, வேர்த்தாலும் பரவாயில்லை. பஸ்ஸிலும் கேட்கவேண்டும் என்றால் வெளி இரைச்சலை அமத்துகிற நொய்ஸ் கான்சலிங் உள்ளதை எடுங்கள். இரைச்சல் குறைய வோல்யூமும் தானாகக் குறையும்.

வேர்வை என்றதும் மெத்தை. செயற்கைத் தோல் எங்கள் புழுக்கத்தில் ஈராண்டிலேயே கறுப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்டத் தொடங்கும். வெல்வெட் மாதிரித் துணி மெத்தை இதம், கழற்றிக் கழுவலாம். மெத்தையும் வயரும் தனியாக வாங்கி மாற்றக்கூடிய மொடலா என்று முதலே பாருங்கள், இங்கே திருத்துமிடம் தேடி அலைய இயலாது. நிறையையும் பாருங்கள். எச்.டி. 600 ஏறக்குறைய 260 கிராம். பெரிய பிளேனர் சில அரைக்கிலோவைத் தாண்டும், அரை மணியில் கழுத்து சொல்லும். லாப்டொப் சார்ஜர் குத்தியிருக்கும்போது மட்டும் "ம்ம்" என்று உறுமினால் ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள், சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். லொஸ்லெஸ் (தரம் குறையாத பாட்டுக் கோப்பு), எல்.டாக் (புளூடூத்தில் பாட்டு அனுப்புகிற ஒரு முறை) என்ற வாதங்கள் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை. நாலாயிரத்தில் பள்ளம் விழுந்த காதோடு அதில் சண்டை பிடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பற்றரி இல்லை. அப்பா சைக்கிளை ஸ்டான்ட் போட்டு நிறுத்திவிட்டு, பின்சில்லு டைனமோவில் வயரைக் கொழுவி ரேடியோவை ஓட்டுவார். அண்ணா பெடலைக் கையால் சுற்றுவான். அவன் களைத்தால் பாட்டும் களைக்கும். ஏழெட்டுப் பேர் மூச்சுக் காட்டாமல் குனிந்து கேட்போம். அந்தச் சத்தத்தை இன்றைய கருவியில் அளந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று சோதனை அறையில் இருக்கும்போது சிலவேளை யோசிப்பேன்.

மாஸ்ரர் மூன்று மாதம் கழித்துத் திரும்பக் காட்ட வந்தார். பள்ளம் அப்படியே இருந்தது, ஆழவில்லை. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்புப் பேனையால், பிள்ளைகளுக்குப் புள்ளி போடுகிற அதே எழுத்தில்: "இரவு 9. ஃபான் நிறுத்தி. வோல்யூம் 14." அடுத்த வரி: "இரவு 10. 11 போதும்."