அரசாங்க வேலையில இருந்துகொண்டு பேஸ்புக்கில வெளிப்படைத்தன்மை பற்றிக் கதைக்கலாமா?

போன கிழமை ராவு எங்கட ஒழுங்கையில இருக்கிற பிள்ளை ஒண்டு போன் எடுத்தா. ஒரு பிரதேச செயலகத்தில டி.ஓவா (அபிவிருத்தி உத்தியோகத்தரா) இருக்கிறா, எது எண்டு சொல்லமாட்டன், திருகோணமலை மாவட்டத்தில 11 இருக்கு, அதுக்குள்ள ஒண்டு. விசயம் என்னண்டா, ஊருக்குள்ள நடக்கிற ரோட்டு வேலை ஒண்டப் பற்றி பேஸ்புக்கில பெரிய வாக்குவாதம் போய்க்கொண்டிருந்திருக்கு, எவ்வளவு காசு, கொந்தராத்து ஆருக்கு, ஏன் ஒரு போர்ட் கூட நடல்ல எண்டு. இந்தப் பிள்ளைக்கு மறுமொழி தெரியும். அவவிட கந்தோர் வேலையே இல்ல அது, சட்டத்தில எழுதிக் கிடக்கிற விசயம்தான். நாலு வரி டைப் பண்ணியிருக்கிறா, அழிச்சிருக்கிறா, திருப்பி டைப் பண்ணி திருப்பி அழிச்சிருக்கிறா. "அங்கிள், இதப் போட்டா ஏன் போட்டனீ எண்டு விளக்கம் கேட்டு எக்ஸ்பிளனேசன் லெட்டர் வருமா?"

நான் கிளாக்கா இருந்து பென்சன் எடுத்தவன், சட்டத்தரணி இல்ல. ஆனா கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்தில மேய்க்கோணும் எண்டு சொல்லி வளத்த வீட்டில பிறந்து, அந்தக் கோழியையே கனகாலம் மேய்ச்சவன், தாபன விதிக்கோவைய (அரச ஊழியர்ட சேவை விதிப் புத்தகம், நாங்க ஈ-கோட் எண்டுதான் சொல்லுற) புரட்டிப் புரட்டி மட்டை கழண்டு போனது. அவவுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறன், ஏனெண்டா இந்தக் கேள்வி கேக்கப் பயந்து கொண்டிருக்கிற ஆக்கள் கனபேர் இருக்காங்க.

முதல்ல பயம் எங்கயிருந்து வருது எண்டு பாப்பம். 2022 செப்டெம்பர்ல, பொருளாதார நெருக்கடிக்குள்ள நாடு கிடந்து தவிச்ச நேரம், பொது நிர்வாக அமைச்சில இருந்து ஒரு சேர்க்குலர் (சுற்றறிக்கை) வந்தது. அரச உத்தியோகத்தர் சமூக ஊடகத்தில கருத்துச் சொல்லுறது ஈ-கோட்ட மீறினா அது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் எண்டு. அது புதுச் சட்டம் ஒண்டும் இல்ல, ஈ-கோட் இரண்டாம் தொகுதியில 47ஆம் அத்தியாயத்தில 6ஆம், 7ஆம் பிரிவுகளில பழசா இருக்கிறத ஞாபகப்படுத்தி விட்டதுதான். ஆனா கந்தோர்களில அத வாசிச்ச விதம் வேற, "பேஸ்புக்கில ஒண்டும் எழுதக்கூடாதாம்" எண்டு ஒரு வரியாச் சுருக்கி வாயால பரப்பி விட்டுட்டாங்க, அதுக்குப் பிறகு பிறந்தநாள் போட்டோவுக்கு லைக் போடவும் யோசிக்கிற ஆக்கள நான் பாத்திருக்கன்.

அந்த 6ஆம் பிரிவு என்ன சொல்லுது? அரசாங்கத் தகவல ஊடகத்துக்கோ பொதுமக்களுக்கோ குடுக்கிற அதிகாரம் திணைக்களத் தலைவர் மாதிரி மேல இருக்கிறவங்களுக்குத்தான், கீழ இருக்கிறவர் தன்ட பாட்டில குடுக்கேலாது. இது நியாயம் எண்டுதான் நான் நினைக்கிறன், ஒவ்வொரு மேசையில இருந்தும் ஒவ்வொரு கதை வெளிய போனா கந்தோர் நடத்தேலாது. பிரச்சினையான இடம் அடுத்தது. வெளியிட்டா அரசாங்கத்துக்கோ ஒரு திணைக்களத்துக்கோ ஒரு உத்தியோகத்தருக்கோ சங்கடம் வரும் எண்டா, அது உண்மையான விபரம் மட்டும்தான் எண்டாலும் குடுக்கக்கூடாது எண்டு ஒரு வரி இருக்கு. உண்மை எண்டாலும்! சங்கடம் எண்டுறத ஆர் அளக்கிற, எந்தத் தராசில?

இப்ப மற்றப் பக்கம் வாங்க. அரசியலமைப்பில 14(1)(அ) பேச்சு, கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்த "பிரஜைக்கு" குடுத்திருக்கு, அரச ஊழியர் தவிர்ந்த பிரஜை எண்டு அங்க இல்ல. 2015ல 19ஆம் திருத்தத்தோட 14அ எண்டு தகவல் அறியும் உரிமையும் அடிப்படை உரிமையா வந்திட்டுது. மட்டுப்பாடு இருக்கு, இல்லையெண்டில்ல, இன மத ஒற்றுமை, நீதிமன்ற அவமதிப்பு, மானநஷ்டம், குற்றத்துக்குத் தூண்டுறது, தேசிய பாதுகாப்பு எண்டு 15ஆம் உறுப்புரையில வரிசையா இருக்கு. பொலிசுக்கும் படைகளுக்கும் அதே 15ல தனியா இறுக்கமான ஏற்பாடு இருக்கு, ஆகவே நேவியிலயோ பொலிசிலயோ இருக்கிற தம்பிமார் இத வாசிச்சிட்டு நாமளும் கதைப்பம் எண்டு வெளிக்கிட வேண்டாம், உங்கட கணக்கு வேற. சிவில் உத்தியோகத்தருக்கு வக்கீல்மார் வைக்கிற வாதம் இதுதான்: அந்த மட்டுப்பாடுகள் "சட்டத்தால" வரோணும் எண்டிருக்கு, சட்டம் எண்டா பாராளுமன்றம் மாதிரிச் சட்டம் ஆக்கிற சபை ஆக்கினது எண்டு 170ஆம் உறுப்புரை சொல்லுது, ஒரு அமைச்சின்ட செயலாளர் கையெழுத்து வைச்ச சேர்க்குலர் அதுக்குள்ள எப்பிடி வரும்? நல்ல வாதம். ஆனா அத நீதிமன்றத்திலதான் வைக்கலாம், உங்கட ஹெட்டுக்கு முன்னால நிண்டு வைச்சா இன்கிறிமென்ட் நிக்கும், அதையும் சேத்துச் சொல்லோணும்தானே.

அடுத்ததுதான் கனபேருக்குத் தெரியாதது. தகவலறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3ல நடைமுறைக்கு வந்தது. நாங்க எல்லாரும் அத பொதுமக்கள் எங்களைக் கேள்வி கேக்கிற சட்டம் எண்டு மட்டும்தான் பாத்தம். அதில 40ஆம் பிரிவு எங்களுக்கெண்டே எழுதினது: இந்தச் சட்டத்தின்ட கீழ ஒராள் விண்ணப்பிச்சாக் குடுக்கலாம் எண்டு இருக்கிற தகவல ஒரு ஊழியர் வெளியிட்டா, வேற என்ன கடப்பாடு அவருக்கு இருந்தாலும், அதுக்காக அவருக்கு ஒழுக்காற்றுத் தண்டனையோ வேற தண்டனையோ குடுக்கேலாது. 4ஆம் பிரிவு வேற, மற்ற எழுத்துச் சட்டங்களோட முரண்பட்டா இந்தச் சட்டம்தான் மேல நிக்கும். பாராளுமன்றச் சட்டத்துக்கே மேல நிக்கிறது ஒரு சேர்க்குலருக்குக் கீழ படுக்குமா?

ஆனா ஒண்டு. எது குடுக்கலாம் எது குடுக்கேலாது எண்டுறது 5ஆம் பிரிவில இருக்கு, ஆக்கள்ட தனிப்பட்ட விபரம், தேசிய பாதுகாப்பு, வைத்தியர் நோயாளி விசயம் இப்பிடிக் கன விதிவிலக்கு. பொதுநலன் பெருசு எண்டா அதுவும் விலகும் எண்டு 5(4) சொல்லுது, ஆனா அந்த நிறுவையைத் தகவல் அலுவலரும் (கந்தோர்ல தகவல் விண்ணப்பங்களப் பாக்கிறவர்) தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவும் பாக்கோணும், ராவு பத்து மணிக்குக் கட்டில்ல படுத்துக்கொண்டு நீங்க தனியப் பாத்து முடிவெடுக்கிற விசயம் இல்ல. அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு) பட்டியல்ல ஆர்ட பேர் வந்தது, ஆர்ட பேர் வெட்டினது, ஏன் வெட்டினது எண்டு ஒரு குடும்பத்தின்ட விபரத்தக் கொமென்ற்ல போட்டா 40ஆம் பிரிவு உங்களக் காப்பாத்தாது.

இனி உதாரணத்துக்கு வாறன், அதுதான் லேசா விளங்கும். சீனக்குடா எண்ணெய்க்குதங்கள எடுங்க, திருகோணமலையில ரெண்டு பேர் சந்திச்சா மூண்டாவதா வாற கதை அது. 2022 ஜனவரியில ஒப்பந்தம், மொத்தம் 99 குதம், 14 இந்தியன் ஒயில் கம்பெனின்ட லங்கா ஐ.ஓ.சிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டு பேரும் சேந்த கம்பெனிக்கு, அதில கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். இது பேப்பர்ல வந்தது, ஊர் உலகமே அறிஞ்சது. ஒரு கச்சேரி (மாவட்டச் செயலகம்) கிளாக் இத எழுதி, இப்பிடியான ஒப்பந்தங்கள கையெழுத்துக்கு முதலே சனத்துக்குக் காட்டோணும் எண்டு நான் நினைக்கிறன் எண்டு சொன்னா அது ஒரு பிரஜைன்ட கருத்து. அதே கிளாக் தன்ட மேசைக்கு வந்த காணி சம்பந்தமான கடிதத்தப் போனால படம் எடுத்துப் போட்டா அது கந்தோர்த் தகவல், அங்க சார்ஜ் சீட் வந்தா நான் ஒண்டும் செய்யேலாது. இன்ன அமைச்சர் கள்ளன் எண்டு எழுதினா அது ரெண்டும் இல்ல, அது மானநஷ்டம், வேற வழக்கு.

ஆகவே எழுத முதல் உங்களையே கேளுங்க: இந்த விசயம் எனக்கு எப்பிடித் தெரியும்? பேப்பர்ல வாசிச்சது, வர்த்தமானில இருக்கிறது, கணக்காய்வாளர் அறிக்கைல வந்தது எண்டா கதைக்கலாம். கதிரையில இருந்தபடியாத்தான் தெரியும் எண்டா விடுங்க. கதிரையால தெரிஞ்சது கட்டாயம் வெளிய வரோணும் எண்டு மனசு அரிச்சுதெண்டா அதுக்கு வேற வழி இருக்கு, கீழ சொல்லுறன்.

அரசியல் உரிமை எண்டது வேற பாடம், ஈ-கோட் 32ஆம் அத்தியாயம். பதவி நிலை உத்தியோகத்தர் மாதிரி மேல இருக்கிறவங்களுக்கு அரசியல் உரிமை இல்ல, கட்சிக்கு ஆதரவா எதிரா எழுதுறது அவங்களுக்குச் சிக்கல். கீழ் மட்டத்தில கனபேருக்கு இருக்கு. உங்கட பதவி எந்தப் பக்கம் எண்டு நியமனக் கடிதத்தோட வைச்சுப் பாத்துக்கொள்ளுங்க. வெளிப்படைத்தன்மை பற்றிக் கதைக்கிறது கட்சி அரசியல் இல்ல, ஆனா எலெக்சன் நேரம் எல்லாம் கட்சியாத்தான் தெரியும், அந்த ரெண்டு மாசம் நானா இருந்தா கையக் கட்டிக்கொண்டிருப்பன்.

"ஃபேக் ஐடியில எழுதுறன் அங்கிள்" எண்டும் அந்தப் பிள்ளை கேட்டா. வேண்டாம் பிள்ளை. அவுஸ்திரேலியாவில குடிவரவுத் திணைக்களத்தில வேலை செய்த ஒரு அம்மா பேர் இல்லாம 9,000க்கு மேல ட்வீட் போட்டு, தன்ட திணைக்களத்தையும் விமர்சிச்சு, ஆளைக் கண்டுபிடிச்சு வேலையால நிப்பாட்டி, 2019ல அங்கத்த உயர் நீதிமன்றமும் நிப்பாட்டினது செல்லும் எண்டிட்டுது. மறுபக்கம் இந்தியாவில திரிபுரா உயர்நீதிமன்றம் 2020ல ஒரு அரச ஊழியர்ட பேஸ்புக் பதிவு வழக்கில, அரசாங்க வேலைக்கு வந்ததால பேச்சுரிமை இல்லாமப் போகாது எண்டு சொன்னது. ஒரே கேள்வி, ரெண்டு நாடு, ரெண்டு மறுமொழி. எங்கட நாட்டில நீங்க எதில மாட்டுவீங்க எண்டு பாக்கிறதுக்கு உங்கட சம்பளத்தப் பந்தயம் கட்டாதீங்க. வட்ஸ்அப் குறூப்பும் அப்பிடித்தான், இருநூறு பேர் இருக்கிற குறூப்ப பிரைவேட் எண்டு நினைக்கிறது பெரிய பகிடி, ஸ்கிரீன்சொட் அடிக்க ஒரு செக்கன்.

2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கு, பொய்யான கூற்றுக்கு வழக்கு வைக்கலாம், அது எல்லாருக்கும் பொது. ஆகவே அவர் சொன்னார் இவர் சொன்னார் எண்டு போடாம, எங்க இருந்து எடுத்தனீங்க எண்டத சேத்து எழுதுங்க.

உள்ளுக்குள்ள களவு நடக்குது, கண்ணால கண்டனான் எண்டா அத பேஸ்புக்குக்குக் கொண்டு போகாதீங்க. லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 எண்ட இலக்கத்துக்கு எடுங்க, 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில தகவல் குடுக்கிற ஆளுக்குப் பாதுகாப்பு இருக்கு, கொமென்ற் போட்ட ஆளுக்கு அந்தச் சட்டத்தில ஒண்டும் இல்ல.

இன்னொரு வழி, இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுற. நீங்களும் பிரஜைதான், நீங்களே தகவல் விண்ணப்பம் போடலாம். ஏன் கேக்கிறாய் எண்டு காரணம் கேக்க அவங்களுக்கு உரிமை இல்ல. 14 வேலை நாளுக்குள்ள குடுக்கிறமா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். இல்லையெண்டா 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (அந்தக் கந்தோர்ல மேன்முறையீடு பாக்கிறவர்) மேன்முறையீடு, அவரும் கைய விரிச்சா ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அப்பிடி வந்த கடிதம் உங்கட கையில இருந்தா அத நெட்டில போட்டுக் கதைக்கிறதுக்கு ஆரும் உங்களக் கந்தோர்த் தகவல வெளிய விட்டவர் எண்டு சொல்லேலாது, ஏனெண்டா தந்ததே கந்தோர்தான்.

அப்பிடியும் எக்ஸ்பிளனேசன் லெட்டர் வந்தா? பதறிப்போய் போஸ்ட்ட அழிச்சிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதாதீங்க, நிறையப் பேர் செய்யிற பிழை அது, நீங்களே குற்றத்த ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும். எழுதினத முழுசா ஸ்கிரீன்சொட் எடுத்து வைங்க. குறிச்ச திகதிக்குள்ள மரியாதையா மறுமொழி குடுங்க, தகவல் எங்க இருந்து எடுத்தது எண்டு சொல்லுங்க, 40ஆம் பிரிவு பொருந்தினா அந்த இலக்கத்தப் போடுங்க, கொப்பி ஒண்டு வீட்டில வைங்க. உங்கட யூனியனுக்குச் சொல்லுங்க. மாகாண சபை ஸ்டாப் எண்டா மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழு, மத்திய அரசு எண்டா அரசாங்க சேவை ஆணைக்குழு, மேன்முறையீடு அந்தந்தப் பக்கம் போகோணும், மாறிப் போட்டா ஆறு மாசம் ஃபைல் சுத்தும். அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றம் போறதுக்கு 126ஆம் உறுப்புரையில ஒரு மாசம்தான் தவணை, அது ஓடிப்போகும். அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்தா விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது. அவங்கட 1996 எண்ட இலக்கத்துக்கு எடுத்தும் கேக்கலாம்.

சரி, அந்தப் பிள்ளைன்ட ரோட்டுக் கதை. அவ எழுத நினைச்சது தகவலறியும் சட்டம் 9ஆம் பிரிவு: உள்நாட்டுக் காசில 500,000 ரூபாக்கு மேல போற திட்டம் எண்டா, தொடங்க மூண்டு மாசம் முதலே பொறுப்பான அமைச்சர் விபரத்தப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடிய ஆக்களுக்கும் சொல்லோணும். அவ்வளவுதான். ஃபைல் ஒண்டும் திறக்கல்ல, ஆரையும் ஏசல்ல. போடு பிள்ளை எண்டன், சொந்தப் பேர்லயே போட்டா.

அவ போட்டதுக்குக் கீழ ஒராள் கேட்டிருக்கிறார், தகவல் அலுவலர் ஆர் எண்டு எப்பிடித் தெரியும் எண்டு. 26ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கந்தோரும் தகவல் அலுவலர்ட விபரத்த எல்லாருக்கும் தெரியிற இடத்தில நோட்டீசாப் போட்டிருக்கோணும் எண்டு இவ மறுமொழி எழுதியிருக்கிறா. அடுத்தநாள் காலம்பற எனக்கு மெசேஜ் வந்தது. அவவிட கந்தோர்ல அந்த நோட்டீஸ் இருக்காம், பழைய அலுமாரி ஒண்டுக்குப் பின்னால, பேர் போட்டிருக்கிற ஆள் எப்பவோ பென்சன்ல போயிட்டாராம்.