பாதிதான் வரும், அதைத் திருத்தாதீர்கள்

கணினியில் தண்ணீர் அலையைக் கணக்கிட்டுவிட்டுக் குழப்பத்தோடு என்னிடம் வருபவர்களில் இந்த ஆண்டில் இவர் மூன்றாவது. போன சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் ஒரு பொறியியல் மாணவர் தோசைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். திரையில் மேலும் கீழுமாக 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, குலுங்கும் தொட்டி, அதில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். "அண்ணே, அலை 30 ஹெர்ட்ஸில்தான் வந்தது. எங்கேயோ பிழை என்று நினைத்துக் குலுக்கலை 120 ஆக்கினேன். இப்போது 60 வருகிறது" என்றார்.

முதலில் வந்ததுதான் சரியான விடை. அதைக் கெடுக்க அவருக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

குலுக்கும் வேகத்திலேயே அலை எழ வேண்டும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிவைத்தார்களோ! தொட்டியைப் பக்கவாட்டில் தள்ளினால் அப்படித்தான். மேலும் கீழும் ஆட்டும்போது தண்ணீரை யாரும் தள்ளுவதில்லை. அதன் எடைதான் கூடிக் குறைகிறது. ஓரிடத்து முகடு சரிந்து பள்ளமாகி, மறுபடி முகடாவது ஒரு சுற்று. அந்தச் சுற்றில் மேற்பரப்பு இரண்டு முறை மட்டத்துக்குத் திரும்புகிறது, ஒருமுறை மேலிருந்து, ஒருமுறை கீழிருந்து. திரும்பும்போதெல்லாம் எடை கூடியிருந்தால் அலை வளரும். ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு குலுக்கல். ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும்: ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு முறை குந்தி எழுவோம். இயற்பியலாளர் ஃபாரடே 1831இலேயே கவனித்தது இது. 1954இல் பெஞ்சமினும் உர்செலும் இதை மாத்தியூ சமன்பாடாக (மீட்கும் விசையே சீராகக் கூடிக் குறையும் ஆட்டத்துக்கான சமன்பாடு) எழுதிக் காட்டிவிட்டார்கள்.

"ஆய்வகத்தில் 60 ஹெர்ட்ஸ் அலையை என் கண்ணாலேயே பார்த்தேன்" என்பார்கள். பார்த்திருப்பீர்கள். சுவரை ஒட்டி வளைந்து நிற்கும் நீர் விளிம்பு, அதாவது பிறைத்தளம், ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஓர் அலையை உள்ளே அனுப்பும். லேசாகக் குலுக்கினாலே போதும், அது வந்துவிடும். பாதி அதிர்வெண்ணில் வரும் ஃபாரடே அலையோ குலுக்கலின் முடுக்கம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் எழும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பிப் பாருங்கள், பிறைத்தள அலை அநேகமாகக் காணாமல் போகும். (மிக மெல்லிய, பிசுபிசுப்பான படலங்களில் குலுக்கலின் முழு அதிர்வெண்ணே வரும் நிலைமைகளும் உண்டு. இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் அந்த வகை அல்ல.)

120க்கு மாற்றியதில் இன்னொரு கேடு. தண்ணீரில் 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 8.6 மில்லிமீட்டர், 60 ஹெர்ட்ஸில் அது 5.2 ஆகச் சுருங்குகிறது. கணக்கிடுவதற்காக மாணவர் தண்ணீரைப் பிரித்த கட்டமோ அதே ஒரு மில்லிமீட்டர். ஓர் அலைக்கு ஐந்தே கட்டம்! அதில் தெரிவது அலையா, கட்டத்தின் நெளிவா? அதற்கு மேல் முதல்நிலைத் துல்லியமுள்ள, அதாவது சற்றுக் கரடான, கணக்கு முறையையும் தேர்ந்தெடுத்துவிட்டால், இல்லாத பாகுநிலையை (பிசுபிசுப்பை) கணினியே சேர்த்து அலையை அமுக்கிவிடும். பிறகு "தண்ணீரில் அலையே எழவில்லை" என்று அறிக்கை எழுதுவீர்கள்.

கட்டத்தைப் பாதியாக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பரப்பு இழுவிசையை வெளிப்படையாக (முந்தைய கணத்தின் நிலையிலிருந்தே நேராக) கணக்கிடும் முறைகளில் கட்டம் பாதியானால் காலப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரத் துண்டு, 2.8 மடங்கு சிறிதாக வேண்டும். முப்பரிமாணத்தில் கட்டங்களின் எண்ணிக்கை எட்டு மடங்கு. மொத்தத்தில் வேலை 22 மடங்குக்கும் மேல். சரி, முதலில் இருபரிமாணத்தில் செய்யுங்கள், ஆனால் செய்யுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து. கண்ணாடிபோல் மட்டமான பரப்பில் கணக்கைத் தொடங்கிவிட்டு மென்பொருளைத் திட்டாதீர்கள். மட்டமாகத் தொடங்கினால் அது மட்டமாகவே கிடக்கும், அல்லது எண் பிழைகளிலிருந்து தன் இஷ்டத்துக்கு முளைக்கும். சின்னதாக ஒரு நெளிவை நீங்களே வைத்துவிட்டு, அது வளரும்வரை காத்திருங்கள். பத்துக் குலுக்கலில் நிறுத்திவிட்டு எதையும் சொல்ல முடியாது.

உணவங்காடியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். பழைய 60 ஹெர்ட்ஸ் கோப்பைத் திறந்தோம், சுவரிலிருந்து தள்ளி ஒரு புள்ளியில் விரலை வைத்தோம், எண்ணினோம். பத்துக் குலுக்கலுக்கு ஐந்து முகடு.

அடுத்து என்னிடம் வருபவர்களுக்கு: நீலமும் சிவப்புமாகக் காணொளி வேண்டாம். ஒரு புள்ளியில் நீரின் உயரமும் தொட்டியின் முடுக்கமும் ஒரே வரைபடத்தில், ஒரே நேர அச்சில். அதோடு இன்னொரு கட்ட அளவில் எடுத்த அதே வரைபடம். இரண்டும் இருந்தால் தேநீர் என் செலவு.