சூட்டில் ஒரு குணம், குளிரில் ஒரு குணம்: பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சொல்லும் சேதிகள்

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கிறீர்கள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற வேண்டிய இடத்தில் எஞ்சின் ஒரு கணம் உறுமுகிறது. ஆர்பிஎம் முள் சட்டென்று மேலே ஏறுகிறது, வண்டியின் வேகமோ ஏறவில்லை. அப்புறம் ‘டொக்’கென்று ஒரு உதறலோடு கியர் பிடிக்கிறது. “கியர்பாக்ஸ் போச்சு” என்று பக்கத்தில் இருப்பவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்.

போயிருக்கலாம்தான். ஆனால் ஆயில் குறைந்திருந்தாலும் இதே உறுமல்தான் வரும். ஆயில் பாதையை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு ஒன்று ஒட்டிக்கொண்டாலும் இதேதான். உள்ளே ஒரு ரப்பர் சீல் கெட்டிப்பட்டிருந்தாலும், கிளட்ச் தட்டு கருகியிருந்தாலும் இதேதான். முதல் காரணத்துக்கு அரை மணி நேர வேலை; கடைசிக் காரணத்துக்குக் கியர்பாக்ஸையே வண்டியிலிருந்து இறக்க வேண்டும். எது என்று பிரித்துப் பார்க்க, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நிறைய வழி உண்டு. அதற்கு உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிந்தால் போதும்.

இங்கே பேசுவது டார்க் கன்வெர்ட்டரும் படிப்படியான கியர்களும் கொண்ட பழைய பாணி ஆட்டோமேட்டிக்கைப் பற்றி. படிகளே இல்லாத சிவிடி, இரட்டைக் கிளட்ச் வகைகளின் நோய்கள் வேறு.

மேனுவல் வண்டியில் கியரைக் கோப்பது உங்கள் கை. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கை ஆயில் அழுத்தம். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. வால்வ் பாடி என்ற, எலிவளை மாதிரி பாதைகள் குடைந்த அலுமினியப் பாளம், அந்த அழுத்தத்தை எந்தக் கிளட்சுக்கு எப்போது திறந்துவிடுவது என்று பிரித்துக் கொடுக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததும் இதனால்தான்: எஞ்சின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் எந்தக் கிளட்சும் பிடிக்காது. ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள, வெகுதூரம் கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் கெடுவதும் அதனால்தான். பம்ப் ஓடாமல் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் உரசும்.

பல்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கின்றன. நடுவில் ஒரு ‘சூரிய’ச் சக்கரம், அதைச் சுற்றி ‘கிரக’ச் சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உட்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றைச் சுழற்றினால் மூன்றாவது வேறு வேகத்தில் சுழலும். கிரகங்களைத் தாங்கும் சட்டத்தைப் பிடித்து நிறுத்தினால் சுழற்சி திரும்பிவிடும், அதுதான் ரிவர்ஸ். எதையாவது இரண்டைச் சேர்த்துப் பூட்டினால் மொத்தமும் ஒரே கட்டாகச் சுழலும். ஆக கியர் மாறுவது என்றால் ஒரு பிடியை விட்டு இன்னொரு பிடியைப் பிடிப்பது, அவ்வளவுதான். பிடிப்பவை, காகித நாரால் ஆன உராய்வுப் பூச்சு ஒட்டிய வட்டத் தட்டுகளும், டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டைகளும். ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் தட்டுகளை நெருக்கும். அந்த நெருக்கம் போதவில்லை என்றால் தட்டுகள் வழுக்கும். எஞ்சின் உறுமியது அந்த இடைவெளியில்தான்.

எஞ்சினுக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர். ஒன்றை ஒன்று தொடாத இரண்டு இறக்கைச் சக்கரங்கள், இடையில் ஆயில். ஒன்று ஆயிலை வீச, மற்றது அந்த வீச்சில் சுழலும். நடுவில் நிற்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றிவிடுவதால், நிற்கும் வண்டி கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை சுமார் இரண்டு மடங்காகிறது. இதன் மூலக் கருத்து கார்களுக்காக வந்ததே அல்ல. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கப்பலின் டர்பைனை அதன் உந்து விசிறியோடு இணைக்க வழி தேடி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெருமளவில் விற்ற முதல் ஆட்டோமேட்டிக்கான ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்தது.

சரி, கோளாறுக்கு வருவோம். நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது “என்ன செய்கிறது?” என்று அல்ல, “எப்போது செய்கிறது?” என்று.

காலையில் முதல் ஸ்டார்ட். ரிவர்ஸில் போடுகிறீர்கள், இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்கவில்லை, பிறகு பிடிக்கிறது. பத்து நிமிடம் ஓடிய பிறகு எல்லாம் சரியாகிவிடுகிறது. இப்படிக் குளிரில் கெட்டு, சூட்டில் சரியாகும் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சீல்களை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்புகள் பல வருடச் சூட்டில் விறைத்துப்போகும். சூடேறி இளகும்வரை ஆயில் அவற்றைத் தாண்டிக் கசியும். ஆயில் அளவு கொஞ்சம் குறைந்திருந்தாலும் காலையில்தான் தெரியும், ஏனென்றால் குளிர்ந்த ஆயில் சுருங்கியிருக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் கீழே வடிந்துபோவதும் உண்டு.

இதற்கு நேர்மாறு, காலையில் தேன் மாதிரி ஓடி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வழுக்கத் தொடங்கும் வண்டி. இது எனக்கு அதிகம் கவலை தரும் வகை. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகிறது. தேய்ந்த பம்ப், தேய்ந்த வால்வுத் துளைகள், தளர்ந்த சீல் வளையங்கள் வழியே அழுத்தம் ஒழுகிவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் தட்டு வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. சூடேறினால் ஆயில் இன்னும் நீர்க்கும். ஆயில் ஆக்ஸிஜனோடு கூடிக் கெடும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலில் தோராயமான கணக்கு. அதனால் இந்தச் சுழலில் விழுந்த கியர்பாக்ஸ் தானாக மீள்வதில்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வண்டியைக் குளிர்ந்த நிலையிலும் பார்க்க வேண்டும், நன்றாகச் சூடான பிறகும் பார்க்க வேண்டும். போனதும் பானெட்டில் கை வையுங்கள். உங்களுக்காக யாரோ அரை மணி நேரம் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் தெரிய வேண்டிய கதையை நீங்கள் பார்க்கவே இல்லை.

அடுத்து ஆயில். புதிய ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில், பெரும்பாலும் சிவப்புச் சாயம் போட்டது. பழுப்பாவது வயதுதான், அதுவே நோயாகிவிடாது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் உராய்வுப் பூச்சு எரிந்திருக்கிறது. ரோஸ் நிறப் பால்போல இருந்தால் விஷயம் மோசம். பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. அது உள்ளே ஓட்டையானால் கூலண்ட் கியர்பாக்ஸில் கலக்கும். கூலண்டில் உள்ள தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் தட்டில் பூச்சை ஒட்டிய பசையையே இளக்கிவிடும்.

அளவு பார்ப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் ஆயில் சூடாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். பல ஹோண்டா கார்களில் எஞ்சினை அணைத்த கையோடு பார்க்க வேண்டும். சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஆயில் கூடினாலும் ஆபத்து: சுழலும் சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று, காற்று அமுங்கும், அழுத்தம் நிற்காது. அதாவது ஆயில் குறைந்தால் வரும் அதே வழுக்கல் கூடினாலும் வரும்.

இந்த ஆயில் வெறும் மசகு அல்ல. பம்பிலிருந்து கிளட்ச் வரை அழுத்தத்தைக் கடத்த வேண்டும், சூட்டைச் சுமக்க வேண்டும், தட்டுகள் உதறாமல் பிடிக்கும்படி உராய்வையும் ஒரு அளவில் வைத்திருக்க வேண்டும். கடைசி வேலைக்கு 1970களின் தொடக்கம் வரை அதில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள் என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

“பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும்” என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். என் பார்வையில் இதில் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. பலர் ஆயில் மாற்ற நினைப்பதே வழுக்கல் தொடங்கிய பிறகுதான். எரிந்துபோன பூச்சைப் புது ஆயில் திருப்பித் தராது. வண்டி அடுத்த மாதம் நின்றதும் பழி ஆயில்மேல் விழுகிறது. வழுக்காத வண்டியில் சரியான ரக ஆயிலை மாற்றுவதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடியில் உள்ள ஆயில் பேன் என்ற தொட்டியைக் கழற்றி வடித்தால் மொத்த ஆயிலும் வராது. கணிசமான பங்கு கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எந்தெந்த கியரில் கோளாறு வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், பெட்டியைத் திறக்காமலே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் ‘எந்த கியரில் எந்தப் பிடி’ என்ற அட்டவணை சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ என்ற, 1990களில் மிகப் பரவலாக இருந்த நான்கு கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பட்டை 2-இலும் 4-இலும் மட்டும் இறுகும். ஒரு கிளட்ச் 3-இலும் 4-இலும் மட்டும் பிடிக்கும். வண்டிக்கு 1, 3 இருக்கிறது, 2-உம் 4-உம் இல்லை என்றால் பட்டை. 1, 2 இருக்கிறது, அதற்குமேல் எஞ்சின் வெறுமனே உறுமுகிறது என்றால் அந்த 3-4 கிளட்ச். ரிவர்ஸ் போய்விட்டதா? கியர் நெம்பை 1-இல் போட்டு, மெதுவாக ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுத்தால், 1-க்கும் ரிவர்ஸுக்கும் பொதுவான கிளட்ச் நன்றாக இருக்கிறது. குறை ரிவர்ஸுக்கென்றே உள்ள கிளட்சில். இழுக்கவில்லை என்றால் அந்தப் பொதுக் கிளட்சே போயிருக்கிறது. எல்லா கியரிலும் ஒரே மாதிரி வழுக்கினால் தனி ஒரு கிளட்சைத் தேடிப் பயனில்லை. பம்ப், அடைபட்ட ஃபில்டர், ஆயில் அளவு என்று எல்லோருக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்.

சீரான வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் மிதித்துப் போகும்போது, கரடுமுரடான ரோட்டில் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம் வருவதுண்டு. கன்வெர்ட்டருக்குள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் இருக்கிறது. ஆயில் வழியே போகும் வீணடிப்பைத் தவிர்க்க, ஓட்டம் நிலைப்பட்டதும் அது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும். நடுக்கம் அதனாலா என்று பார்க்க எளிய சோதனை: காலியான ரோட்டில், ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சிக்னல் கிடைத்ததும் லாக்-அப் விடுபடும். நடுக்கமும் அப்போதே நின்றால் சந்தேகம் லாக்-அப் பக்கம் வலுக்கிறது. ஆனால் எஞ்சினில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்தாலும் கிட்டத்தட்ட இதே நடுக்கம்தான். பூட்டியிருக்கும்போது அந்த உதறல் நேரே உடம்புக்கு வரும். அதனால் இக்னிஷனையும் பார்த்துவிட்டுத்தான் கன்வெர்ட்டரைக் குறை சொல்ல வேண்டும்.

வழுக்கலைக் கணக்குப் போட்டே பிடிக்கலாம். கியர் விகிதம் 1, கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள கடைசி விகிதம் 4, டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 700 சுற்று, எஞ்சின் 2,800. லாக்-அப் பூட்டியிருந்தால் இது அசையக் கூடாது. மேடு ஏறும்போது வேகம் மாறாமல், லாக்-அப்பும் விடுபடாமல் முள் மட்டும் 3,100-க்குப் போனால் ஏதோ ஒன்று வழுக்குகிறது. வண்டியின் கம்ப்யூட்டர் போடுவதும் இதே கணக்குதான். உள்ளே போகும் வேகத்துக்கும் வெளியே வரும் வேகத்துக்கும் விகிதம் பொருந்தாவிட்டால் பி0730 என்ற பிழைக் குறியீட்டை எழுதி வைக்கும். பி0741 லாக்-அப் பிடிக்கவில்லை என்பதற்கு. பி0700 மட்டும் தனியாக வந்தால், ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, போய்க் கேள்’ என்று அர்த்தம். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓபிடி-2 என்ற பொதுவான சுய பரிசோதனை முறை கட்டாயமானதால், அதற்குப் பின் வந்த பல வண்டிகளில் சாதாரண ஸ்கேனரே இதைப் படிக்கும். சமீபத்தில் இந்தக் குறியீடுகளை அழித்திருந்தால் அதுவும் தெரியும்: சுய சோதனைகள் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டும்.

வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மாறவே மறுத்தால் பயம் வரும், ஆனால் அது பல நேரம் நல்ல சேதி. மின்சாரக் கோளாறு கண்டதும் கம்ப்யூட்டர் சொலினாய்டுகளைக் கைவிட்டு, ஒரு பாதுகாப்பான கியரில் நிறுத்திவிடுகிறது. அறுந்த ஒயர், வேக சென்சார், பலவீனமான பேட்டரிகூடக் காரணமாக இருக்கலாம். உள்ளே தட்டுகள் முழுசாக இருக்கும்.

கியர்பாக்ஸே சம்பந்தப்படாத வழக்குகளும் கொஞ்சநஞ்சமல்ல. டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது ‘டங்’ என்று இடித்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கலாம். எந்த கியரிலும் வண்டி நகராமல், ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் நகர்ந்தால் டிரைவ் ஷாஃப்ட் கழன்றிருக்கலாம். நெம்பின் கேபிள் முனையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் புஷ் உடைந்தாலே எந்த கியரும் விழாது.

பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் முழுதாக மிதித்து ஆர்பிஎம் பார்க்கும் ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. எஞ்சினின் சக்தி முழுவதும் அந்த ஆயிலில் சூடாக இறங்குகிறது. ஐந்து விநாடிக்குமேல் கூடாது, முன்னால் யாரும் நிற்கக் கூடாது. வாங்கப்போகும் வண்டியில் இதைச் செய்ய வேண்டாம், அழுத்தமானி மாட்டிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

கடைசியில் ஆயில் பேனைக் கழற்றினால், அடியில் ஒரு காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டிவிடலாம். பேனில் கறுப்புத் துகள்கள் கைப்பிடி அளவு இருந்தால் கிளட்ச் பூச்சு உதிர்ந்திருக்கிறது. பொன் நிறத்தில் மினுங்கும் தூள் காந்தத்தில் ஒட்டாமல் அடியில் கிடந்தால் அது புஷ்ஷிங், வாஷர்களின் வெண்கலம். கையில் எடுத்து வைக்கும் அளவுக்கு உலோகத் துண்டு கிடைத்தால், அதற்குமேல் ஸ்கேனரும் ஓட்டிப் பார்ப்பதும் தேவையில்லை. பெட்டியை இறக்க வேண்டியதுதான்.