கிரிப்டோ சூதாட்டத் தளம்: நடத்துபவருக்கும் துணைநிற்பவருக்கும் சட்டம் விதிப்பவை

மூக்கையூர் முதல் தொண்டி வரையிலான நமது இராமநாதபுரம் கடலோரத்தில் இணையவழிச் சூதாட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், விளையாடிப் பணத்தை இழந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். கிரிப்டோ எனப்படும் மின்னணு நாணயத்தில் பணயம் கட்டும் தளத்தை நடத்துபவர், அதற்கு ஆள் சேர்ப்பவர், ஆடுவதற்கான ஐடி (பயனர் கணக்கு) போட்டுக் கொடுப்பவர், தன் வங்கிக் கணக்கைப் பணம் வந்துபோகத் திறந்துவிடுபவர் ஆகியோர் சட்டத்தின் முன் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கீழக்கரையிலும் மண்டபத்திலும் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற கவலையே இந்த விளக்கத்தை எழுத வைத்தது.

முதலில் 'உரிமம்' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. உரிமம் இல்லாமல் நடத்துவதுதான் தவறு, எங்காவது ஓர் உரிமத்தை வாங்கிவிட்டால் தொழில் நேராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்கள். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்திற்கு உரிமம் தரும் அதிகாரி எவரும் இல்லை. அப்படி ஒரு விண்ணப்பமும் இல்லை. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் பதிவு முறை விளையாட்டுகளுக்கு உரியது, சூதாட்டத்திற்கு உரியது அன்று. சிக்கிம் மாநிலம் 2008-இல் இயற்றிய சட்டம் அம்மாநில எல்லைக்குள் வைக்கப்படும் ஆட்ட முனையங்களுக்கு (கணினிகளுக்கு) மட்டும் பொருந்தும். நாகாலாந்து 2016-இல் இயற்றிய சட்டமோ திறன் விளையாட்டுகளுக்கானது. கிரிப்டோ சூதாட்டத் தளங்களின் அடிப்பகுதியில் பெரும்பாலும் காணப்படும் குராசோ தீவின் உரிமம், கரீபியக் கடலிலுள்ள அந்தத் தீவின் சட்டப்படி அங்கே செல்லுபடியாகும் ஒரு தாள். இந்தியாவில் இருப்பவருக்கு அந்தச் சேவையை வழங்க அது எந்த அனுமதியையும் தருவதில்லை.

தமிழ்நாட்டுச் சட்டம் எளிதாக வந்துவிடவில்லை. இணையவழியில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து 2021-இல் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கையைத் தொடர்ந்து, தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2022 உருவானது. ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாகச் சேர்த்திருந்த அட்டவணையை 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆனால் வாய்ப்பை நம்பிப் பணயம் வைக்கும் சூதாட்டத்தின் மீதான தடையை அது தொடவில்லை. சக்கரம் சுற்றுவது, பகடை உருட்டுவது, திரையில் ஏறிக்கொண்டே போகும் எண் சட்டென நின்றுபோவதற்குள் பணத்தை எடுப்பது போன்ற, கிரிப்டோ தளங்களின் வழக்கமான ஆட்டங்கள் எல்லாம் இந்தத் தடைக்குள்தான் வருகின்றன.

இச்சட்டப்படி சூதாட்டச் சேவை வழங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இதற்கு மேல் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2025 உள்ளது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் இதற்கு ஒப்புதல் அளித்தார். திறனா வாய்ப்பா என்ற நெடுங்கால வழக்காடலை ஒதுக்கிவைத்துவிட்டு, பணமோ பணயமோ கட்டி, பதிலுக்குப் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் இச்சட்டம் தடை செய்கிறது. அத்தகைய சேவையை வழங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரத்திற்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணப் பரிமாற்றத்திற்கு வழி செய்தால், சேவை வழங்குபவருக்கு உரிய அதே தண்டனை. சேவை வழங்குவதும் பணப் பரிமாற்றத்திற்கு வழி செய்வதும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றங்களாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. வெளிநாட்டிலிருந்து இயக்கப்பட்டாலும் இந்தியாவிற்குள் வழங்கப்படும் சேவைக்கும் இது பொருந்தும். ஆடுபவரை இச்சட்டம் தண்டிப்பதில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. அதனால் இந்த மத்தியச் சட்டத்தின் முழுச் சுமையும் நடத்துபவர் பக்கமே வந்து நிற்கிறது.

'நாங்கள் பணத்தைத் தொடுவதே இல்லை, கிரிப்டோ மட்டும்தான்' என்பது தளத்தை நடத்துபவர்கள் சொல்லும் வாதம். 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தவர்கள் இதை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள். பணமாக மாற்றத்தக்க எதுவும், அது கிரெடிட், காயின், டோக்கன் என எந்தப் பெயரில் இருந்தாலும், கையில் பிடிக்கத்தக்கதாகவோ மெய்நிகராகவோ இருந்தாலும், நேரடியாகவோ சுற்றி வளைத்தோ காசு கொடுத்து வாங்கப்பட்டிருந்தால் அது பணயம்தான் என்று வரையறை சொல்கிறது. யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு இணைக்கப்பட்ட கிரிப்டோ நாணயம்), பிட்காயின் போன்றவை இதற்குள் அடங்கிவிடுகின்றன.

கிரிப்டோவை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் அன்று. வங்கிகள் கிரிப்டோ வணிகத்திற்குச் சேவை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-இல் பிறப்பித்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. கிரிப்டோ என்பது ஒருவகைச் சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025 அக்டோபரில் கூறியது. முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு தரும் அந்தத் தீர்ப்பைச் சூதாட்டத் தளத்திற்கு ஆதரவாகச் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். அந்த வாசிப்பு பிழையானது என்பது என் கருத்து. சொத்து என்று ஆகிவிட்டால், குற்றத்தின் வழியே வந்த சொத்தாக அதை முடக்கவும் பறிமுதல் செய்யவும் முடியும்.

இனி, நமது ஊர்களுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். தளத்தின் உரிமையாளர் எங்கோ வெளிநாட்டில் இருக்கலாம். ஆடுபவரோ சென்னையிலோ சூரத்திலோ தன் கைப்பேசியிலிருந்து ரூபாயில்தான் பணம் கட்டுகிறார். அந்த ரூபாய் வந்து விழ ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அங்கிருந்து ஒருவர் அதை யுஎஸ்டிடியாக மாற்றித் தளத்தின் வாலட்டுக்கு (கிரிப்டோ கணக்குக்கு) அனுப்புகிறார். ஆடியவர் ஜெயித்தால் அதே வழியில் பணம் திரும்பி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் தடைக்காலத்தில், வருமானம் நின்றுபோன ஒரு வீட்டுப் பிள்ளையிடம், 'உன் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்' என்று கேட்டால், அது உழைக்காமல் வரும் வாடகையாகத்தான் அவனுக்குத் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அவன் தன் கணக்கை வாடகைக்கு விட்டவன் இல்லை, குற்றத்திற்கு உதவியவன். 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேவை வழங்குவதைத் தடை செய்யும் அதே பிரிவு, அதற்கு உதவுவது, உடந்தையாயிருப்பது, தூண்டுவது ஆகியவற்றையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. தளத்திற்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர், வாட்ஸ்அப் குழுவில் ஐடி விற்பவர், தன் சமூக ஊடகப் பக்கத்தில் விளம்பரம் போடுபவர் ஆகியோரின் நிலையும் இதுவே.

காவல்துறை வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே கணக்கு முடங்கிவிடும். வேறொரு மாநிலத்தில் ஏமாந்த ஒருவர் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் புகார் செய்தால், அவருடைய பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியே போனதோ அந்தக் கணக்குகளையெல்லாம் படிப்படியாகத் தொடர்ந்து நிறுத்திவைக்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்படும் சொத்தைக் கைப்பற்றக் காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. முடக்கப்பட்டது யாருடைய கணக்கு என்று எண்ணிப் பாருங்கள். தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாயும், நூறு நாள் வேலைக் கூலியும் வந்து சேரும் கணக்கு அதுவாக இருக்கலாம். பிள்ளை தன் கணக்கு போதாமல் தாயின் கணக்கையும் கொடுத்திருந்தால், அவருக்கு மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் உள்ளே வந்து கிடக்கும், எடுக்க முடியாது. அதை விடுவிக்க, புகார் பதிவான ஊரின் காவல் நிலையத்திற்கு எழுத வேண்டும், சில நேரம் நேரில் போக வேண்டும், இறுதியில் நீதிமன்றத்தில் மனு செய்யவும் வேண்டிவரலாம். படகில் பங்குக்குப் போகும் ஒரு குடும்பத்திற்கு இந்த அலைச்சலே பெரிய தண்டனை.

பணத்தை இழந்தவர், ஆட்டமே மோசடி என்று புகார் அளித்தால், வழக்கு சூதாட்டத்தோடு நிற்காது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)-ஆம் பிரிவின்படி ஏமாற்றுதலுக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ஒரு கும்பலாகச் சேர்ந்து அனுமதியற்ற பந்தயமோ சூதாட்டமோ நடத்துவதை 112-ஆம் பிரிவு சிறு அமைப்புசார் குற்றமாகக் கருதி 1 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஏமாற்றுதல் என்ற குற்றம் சேர்ந்ததும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், 2002-இன்கீழ் அமலாக்கத் துறையும் விசாரணைக்கு வர இடமுண்டு. அங்கே தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல். ஜாமீன் பெறுவதும் மிகக் கடினம். 2023 மார்ச் 7 முதல் கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் பரிமாற்ற நிறுவனங்களும் இந்தச் சட்டத்தின் வரம்பிற்குள் வந்துவிட்டதால், அவை வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து, சந்தேகத்திற்குரிய பரிமாற்றங்களை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளன. கிரிப்டோவில் யார் என்று தெரியாது என்ற எண்ணம் தவறு. பெரும்பாலான கிரிப்டோ நாணயங்களின் ஒவ்வொரு பரிமாற்றமும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாணயம் ரூபாயாக மாறும் இடத்தில் ஆதாரும் பான் எண்ணும் காத்திருக்கின்றன.

வளைகுடாவிலிருந்து உண்டியல் (வங்கி வழியாக அல்லாமல் ஆள் மூலம் அனுப்பும் முறை) வழியே பணம் வந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் நமது ஊர்களில் உண்டு. கிரிப்டோவும் அதுபோல ஒரு வழிதானே என்று சிலர் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்டியலும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்திற்குப் புறம்பானதே. அச்சட்டத்தை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழில் சட்டவிரோதமானது என்பதால் வருமான வரி விலகிப்போவதில்லை. கிரிப்டோ விற்பனை லாபத்திற்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 விழுக்காடு வரி. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பரிமாற்றத்தின்போது 1 விழுக்காடு டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கப்படும் வருமான வரி) பிடிக்கும் கடமை 2022 ஜூலை 1 முதல் உள்ளது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கான ஜிஎஸ்டி 2023 அக்டோபரில் 28 விழுக்காடாகவும், 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாகவும் ஆனது. கிரிப்டோவில் கட்டப்படும் தொகையும் இந்தக் கணக்கில் சேரும். ஜிஎஸ்டி எண் வாங்கிவிட்டால் தொழில் சட்டபூர்வமாகிவிடும் என்பதும் தவறான எண்ணம். வரி விதிப்பதால் வேறு சட்டத்திலுள்ள தடை நீங்காது.

வெளிநாட்டு வேலையை நம்பியிருக்கும் கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால், 1967-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். வெளிநாடு செல்ல அந்த நீதிமன்றத்தின் அனுமதி ஆணை தேவைப்படும். விசாவுக்காகக் காவல்துறைச் சான்று கேட்கும் நாடுகளிலும் இது தடையாகும். வழக்கில் பின்னர் விடுதலை ஆனாலும், இடையில் போன ஆண்டுகள் போனவைதான்.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டவர் செய்யக்கூடியவை சில உண்டு. வங்கிக் கிளைக்கு நேரில் சென்று எழுத்தில் தெரிவித்துக் கார்டையும் இணைய வங்கி வசதியையும் முடக்கி, சிம்மைத் தன் பெயரில் மாற்று அட்டையாக வாங்கிக்கொள்ள வேண்டும். பயத்தில் வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்கக் கூடாது. யார் கேட்டார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள் என்பதற்கு அவையே அவருக்கு இருக்கும் சாட்சி; மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பது தனியொரு குற்றமும் ஆகும். கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தைக் கொடுத்தவனுக்கே திருப்பி அனுப்புவதும் கூடாது, ஏனெனில் அதுவும் இன்னொரு பரிமாற்றமாகவே பதிவாகும். காவல் நிலையத்திலிருந்து அழைப்பாணை வந்தால் ஒளிந்துகொள்ளாமல், இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞரை அது ஏற்படுத்தித் தரும். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். போகும்போது ஆறு மாத வங்கி அறிக்கை, முடக்கம் பற்றி வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி, அதில் குறிப்பிட்டிருக்கும் புகார் எண் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மனு எழுத முதலில் கேட்கப்படுவது அந்தப் புகார் எண்தான்.